சிவப்புக் கோடு எங்கே போனது?

வணக்கம் ஐயா,

பழைய வீட்டுக் கூரையில் கழற்றிய பனஞ்சிலாகையையும் முதிரை மரத் துண்டுகளையும் சரிவாக வெட்டி ஒட்டி, கடைந்து பேனா செய்து பழகி வருகிறேன். இடையில் சிவப்புக் கோடு வரவேண்டும் என்பதற்காக, குளிர்பான ரின்னை வெட்டித் தட்டையாக்கி சுப்பர் குளூவால் ஒட்டினேன். கடைந்து முடித்தபோது சிவப்பைக் காணவில்லை; வெள்ளிக் கோடு மட்டுமே தெரிந்தது. முதிரையும் சாம்பல் படிந்து அழுக்காயிற்று. இரண்டாவது பேனா துளையிடும்போதே பிரிந்துவிட்டது. எந்தப் பொருளை இடைத்தகடாக வைக்கலாம்?

வாசகர், கோண்டாவில்

அன்புடையீர்,

கடைந்த பேனாவில் இடைத்தகட்டின் முகம் மரத்துக்குள் மறைந்துவிடும். வெளியே தெரிவது அதன் வெட்டுவாய் மட்டுமே. ரின்னின் சிவப்பு மேற்பூச்சு என்பதால் உள்ளிருக்கும் அலுமினியமே உங்களுக்குக் கோடாகக் கிடைத்தது. ஆகவே எதை எடுத்தாலும் முதலில் ஒரு மூலையைக் கத்தரித்து, வெட்டுவாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிம் அட்டையைக் கழற்றியபின் மிஞ்சிய நீலச் சட்டம் ஒன்றை நானும் இதே நம்பிக்கையில் ஒட்டி, வெள்ளைக் கோட்டையும் அதன் ஒரு ஓரத்தில் மயிரிழை நீலத்தையும் பெற்றேன். பார்க்க நன்றாகவே இருந்தது. ஆனால் நான் எண்ணியது அதுவல்ல.

முதிரையை அழுக்காக்கியது அலுமினியத் தூள். அரத்தாள் அதைத் தேய்த்தெடுத்து மரத்தின் நுண்துளைகளில் அடைத்துவிடும். பித்தளையும் இதையே செய்யும். வெளிர் மரத்துக்கு அருகே உலோகம் வைத்தே ஆகவேண்டுமெனில், கூரிய உளியாலேயே இயன்றவரை மழமழப்பாக்கி, ஐதான சுப்பர் குளூவை ஒருமுறை பூசி நுண்துளைகளை அடைத்தபின் அரத்தாளைத் தொடுங்கள். ஒட்டு விட்டதற்குத் துளையிடும் சூடுதான் காரணமாக இருக்கவேண்டும். சுப்பர் குளூ 80 பாகை செல்சியஸ் அளவிலேயே தளரத் தொடங்கும், உலோகமோ அச்சூட்டை ஒட்டு முழுவதற்கும் கடத்திவிடும். தகட்டின் இருபுறமும் 120 ஆம் இலக்க அரத்தாளால் கீறி, மெல்ல இறுகும் எப்பொக்சியால் ஒட்டி, ஒருநாள் விட்டு, துளைக்கும்போது துளைப்பானை அடிக்கடி வெளியே இழுத்து ஆறவிடுங்கள்.

உலோகத்தை விட்டுவிட்டால் வேலை பாதி இலகுவாகும். என் தெரிவு வல்கனைஸ் செய்த நாரட்டை. பருத்திக் கடதாசியை நாகக் குளோரைட்டில் பதப்படுத்தி அழுத்திச் செய்யப்படும் இது உள்வரை ஒரே நிறமாயிருக்கும்; சிவப்பு, கறுப்பு, சாம்பல் நிறங்களில் உண்டு; பசையை நன்றாக உறிஞ்சிப் பிடிக்கும். மின்காப்புக்கும் பயன்படுவதால் மோட்டர் சுற்றும் கடைகளில் முதலில் விசாரியுங்கள். ஈரத்தையும் உறிஞ்சும் என்பதால் மாரியில் உறையிலிட்டு வைக்கவேண்டும். பெயர்ப்பலகை செய்வோர் கழிக்கும் அக்கிரிலிக் துண்டுகளும் பெரும்பாலும் உள்வரை நிறமுள்ளவை. ஆனால் உளி மழுங்கினால் சில்லுச் சில்லாகப் பெயரும். சாயமூட்டிய மெல்லிய மரத்தகட்டை முதிரையருகே நான் வைப்பதில்லை, ஏனெனில் பூச்சிலுள்ள ஸ்பிரிட் பட்டதும் சில சாயங்கள் கசியும்.

தடிப்பையும் கவனியுங்கள். பழைய வங்கி அட்டையை இடைத்தகடாக எடுத்தால் அதன் தடிப்பு 0.76 மில்லிமீற்றர், 45 பாகைச் சரிவில் வெட்டினால் பேனாவின் நீளப்பாட்டில் அது ஏறக்குறைய 1.07 மில்லிமீற்றராகத் தெரியும். பேனா அளவுக்கு அது தடித்த கோடுதான்.

நிறத்தைப் பொறுத்தவரை, பொன்மஞ்சளான முதிரைக்குப் பக்கத்தில் மஞ்சள் கரைந்துபோகும். சிவப்பு முதிரையோடு எடுப்பாகத் தெரியும், பனையின் கருநார்களை ஒட்டினாலோ இருண்டுவிடும். எனவே பனைப் பக்கத்தில் மட்டும் ஒரு வெள்ளைத் தகட்டைச் சேர்த்து ஒட்டுங்கள். இருபுறமும் வெள்ளை வைத்தால் கோயில் மதில்போல் ஆகிவிடும். எனக்கு அது பேனாவுக்கு மிகையாகப் படுகிறது. சிலாகையின் கழிவுத்துண்டில் ஒரு விரற்கடை நீளத்துக்கு இதே அடுக்கை ஒட்டிக் கடைந்து, பூச்சும் பூசிப் பார்த்தபின் நல்ல துண்டுகளில் வாளை வையுங்கள்.