யார் வைத்த அரியர்?

கேள்வி: சிறிய தையற்கடை வைத்திருக்கிறேன். பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். சேர்ந்து மூன்றாவது ஆண்டு. மூன்று தாள் அரியர். தனியார் பள்ளி ஒன்றுக்குச் சீருடை தைத்துக் கொடுத்ததில் 54,000 ரூபாய் வர வேண்டும். ஏழு முறை நடந்துவிட்டேன். கடை, படிப்பு இரண்டில் ஒன்றை விட்டுவிடு என்று வீட்டில் சொல்கிறார்கள். எதை விடுவது?
– வாசகி ஒருவர், திண்டுக்கல்

பதில்: உங்கள் கடிதம் ஓர் அளவுச் சீட்டின் பின்புறத்தில் எழுதப்பட்டிருந்தது. முன்புறத்தில் ஏதோ ஒரு சிறுமியின் தோள், மார்பு, கை அளவுகள் பென்சிலில் இருந்தன. கடையில் ஒரு வாடிக்கையாளர் போய் அடுத்தவர் வருவதற்குள் எழுதியிருக்கிறீர்கள் என்பது அதிலேயே தெரிந்தது.

உங்கள் கேள்வியில் என்னைப் பிடித்து நிறுத்திய சொல் ‘அரியர்’. நம் ஊரில் தேர்வில் தவறிய தாளுக்கும் அதுதான் பெயர், கைக்கு வந்து சேராத சம்பளப் பாக்கிக்கும் அதுதான் பெயர். நீங்கள் அதை முதற்பொருளில் மட்டும் எழுதி, மூன்று தாளையும் உங்கள் குற்றமாக ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். அடுத்த வரியில் இருக்கும் 54,000 ரூபாயும் அரியர்தான். அது அந்தப் பள்ளி வைத்திருக்கும் அரியர். முதல் அரியருக்குக் காரணமே இந்த இரண்டாவது அரியர்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஏழு முறை நடப்பது என்றால் என்ன? மதியத்தில் கடையைச் சாத்திவிட்டுப் பேருந்து ஏறி, கணக்கர் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்து, ‘அடுத்த வாரம் வாருங்கள்’ என்ற பதிலோடு திரும்பும்போது பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்திருப்பார்கள். பகலில் நின்றுபோன தையல் இரவுக்குத் தள்ளிப்போகும். புத்தகத்தைத் திறக்க வேண்டிய அந்த இரவு காஜா எடுப்பதிலும் பொத்தான் வைப்பதிலும் தீர்ந்துவிடும். உங்கள் படிப்பு நேரத்தை எடுத்துக்கொண்டது பிள்ளைகளும் அல்லர், கடையும் அன்று.

இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கோபம் புதிதல்ல. ‘வியாபாரத்தில் பாக்கி சகஜம், ஆசிரியர் இதைப் பெரிதாக்குகிறார்’ என்று முன்பு ஒரு வாசகர் கண்டித்து எழுதியிருந்தார். என் தந்தை சிறிய அச்சகம் நடத்தியவர். ஒரு நிறுவனத்துக்கு ஆண்டு மலர் அச்சிட்டுக் கொடுத்த பணம் பதினான்கு மாதம் கழித்துத்தான் வந்தது. காகிதக் கடைக்குக் கட்டுவதற்காக அம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போயின. வட்டி கட்டியவர் என் தந்தை. வட்டியில்லாமல் அந்தப் பணத்தை வைத்துப் புழங்கியவர்கள் அந்த நிறுவனத்தார். இதைச் சகஜம் என்று சொல்ல என்னால் இன்றும் முடியவில்லை.

சட்டமும் இதைச் சகஜம் என்று சொல்லவில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கு வாங்கியவர், எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள்ளும், ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன கெடுவுக்குள்ளும் பணம் தர வேண்டும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டுவட்டியாகச் சேரும். தராதவர்மீது இதற்கென உள்ள அரசு இணையதளத்தில் முறையிடலாம். இதற்கெல்லாம் ‘உத்யம்’ என்ற அரசுத் தளத்தில் தொழிலைப் பதிந்திருக்க வேண்டும். அது இலவசம், ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும், இடைத்தரகருக்கு ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம். சரக்குக் கொடுப்பதற்கு முன்பே பதிந்திருக்க வேண்டும் என்றே நீதிமன்றங்கள் பெரும்பாலும் பார்ப்பதால், நீங்கள் இன்னும் பதியவில்லையென்றால் இந்தப் பாக்கிக்கு அது உதவாமற் போகலாம். அடுத்த ஆர்டருக்குக் கட்டாயம் உதவும். இந்தப் பாக்கிக்குப் பற்றுச்சீட்டின் நகலோடு பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். எட்டாவது முறை நடக்காதீர்கள்.

இனி உங்கள் முதல் அரியர். உங்கள் பல்கலைக்கழகம் ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு நடத்துகிறது. பள்ளி திறக்கும் ஜூன் மாதம்தான் சீருடைத் தையலின் உச்சம். அந்த மாதத்தில் தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டு, தைத்த கையோடு போய் உட்கார்ந்தால் தாள் தவறத்தான் செய்யும். தீபாவளித் தையல் முடிந்த பிறகு வரும் டிசம்பர்தான் உங்களுக்கு உரியது. ஜூனில் அதிகம் போனால் ஒரு தாள் எழுதுங்கள். மூன்றாண்டுப் பட்டத்தை ஆறு ஆண்டுகளுக்குள் முடிக்கலாம் என்று அந்தப் பல்கலைக்கழகமே இடம் கொடுத்திருக்கும்போது, மூன்றாவது ஆண்டிலேயே தோற்றுவிட்டதாக ஏன் நினைக்க வேண்டும்? வீட்டாரிடமும் இந்தக் கணக்கையே காட்டுங்கள். அவர்கள் உங்கள் களைப்பைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். களைப்பு எங்கிருந்து வருகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

உங்கள் கணக்குப்பதிவியல் புத்தகத்தில் ‘பற்பல கடனாளிகள்’, ‘ஐயக்கடன் ஒதுக்கு’, ‘வாராக்கடன்’ என்றெல்லாம் வருமே, அந்தப் பாடத்தை உங்கள் கடைப் பேரேட்டை அருகில் வைத்துக்கொண்டு படியுங்கள். கடனாளிகள் பக்கத்தில் முதல் வரியாக அந்தப் பள்ளியின் பெயரையும், 54,000 ரூபாயையும், சீருடையை அவர்கள் பெற்றுக்கொண்ட தேதியையும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு அவர்களே வந்து கேட்டாலும், பாதித் தொகை முன்பணமாக வராமல் துணியில் கத்தரியை வைக்காதீர்கள்.