அக்கரப்பத்தனை உரப்பைக்கும் கொட்டியாரக் குடாவுக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். லயத்துக்குக் கீழே கால் ஏக்கர் அளவில் உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட் போடுகிறேன். காணிக்கு அடியில் ஓடை. ஜூன் 8ஆம் திகதி சமுத்திர தினத்துக்கு, ‘கடலைக் காக்க எங்கள் வீடு என்ன செய்கிறது’ என்று எழுதிவரும்படி மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு தடவை திருகோணமலைக்குப் போனதோடு சரி, கடலுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்? உண்மையில் நாங்கள் செய்யக்கூடியது ஏதாவது உண்டா? வெறும் உரப்பை, பயிர் மருந்துப் போத்தல்களை எரிக்கலாமா?

பதில்: நீங்கள் ஒரு தடவை போன திருகோணமலைக்குத்தான் உங்கள் ஓடைத் தண்ணீரும் போகிறது. உங்கள் பக்கத்து ஓடைகள் ஆக்ரா ஓயாவில் விழுகின்றன. அது கொத்மலை ஓயாவோடு ஓடி, தலவாக்கலையில் மேல் கொத்மலை அணையைத் தாண்டி, கொத்மலை நீர்த்தேக்கத்துக்கு வந்து, பிறகு மகாவலியில் சேர்கிறது. அப்புறம் பொல்கொல்லை, விக்டோரியா, ரந்தெனிகலை, ரந்தம்பை, மினிப்பே அணைகள், பிறகு மன்னம்பிட்டி ஊர். 335 கிலோமீற்றர் நீளமான மகாவலி முடிகிற இடம், மூதூர், கிண்ணியாக்காரர்கள் வலை போடும் கொட்டியாரக் குடா. மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்தவர்கள் இதை வாசித்தால் அவர்களுடைய வழி வேறு. அவர்கள் தண்ணீர் களனியில் சேர்ந்து கொழும்பில் கடலைத் தொடுகிறது. அதற்கு முன்னால் அம்பத்தளையில் அதே தண்ணீரைத்தான் கொழும்புக்குக் குடிக்க எடுக்கிறார்கள்.

அதற்காக, ஓடையில் விழுவதெல்லாம் கடலுக்குப் போய்விடும் என்று மகளை எழுத விடாதீர்கள். அது சரியில்லை. நடுவில் இத்தனை அணைகள் இருக்கின்றனவே. மழைக்குக் கரைந்துபோகும் மண்ணில் பெரும்பகுதி நீர்த்தேக்கங்களின் அடியில் படிந்துவிடுகிறது. வெலிமடைப் பக்கத்து மரக்கறிக் காணிகளின் மண்ணை உமா ஓயா கொண்டுவந்து ரந்தம்பையில் கொட்டுவது பல வருடத்துத் தலைவலி. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கடற்கரைக்கு ஆற்று மணல் வேண்டும். அணையும் மணல் அகழ்வும் அதைத் தடுப்பதால் கரையோரத்தைக் கடல் அரித்துக்கொண்டு போகிறது. வேண்டிய மணல் போய்ச் சேருவதில்லை, வேண்டாத மற்றதெல்லாம் போய்ச் சேருகிறது.

அந்த மற்றதில் முதலாவது பசளை. யூரியாவில் இருக்கும் நைதரசன் தண்ணீரில் கரைந்து தண்ணீரோடேயே ஓடும். பொஸ்பரஸ் அப்படியல்ல, மண்துகளில் ஒட்டிக்கொண்டு மண் போகும் இடத்துக்குப் போகும். மண் நீர்த்தேக்கத்தில் நின்றால் அதுவும் அங்கே நின்று பாசிக்குத் தீனியாகும். 1991இல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் நச்சுப் பாசி பெருகியது ஞாபகம் இருக்கிறவர்கள் இன்னும் இருப்பார்கள். மிச்சமாகக் கடல்வரை போகும் நைதரசன் ஆழம் குறைந்த குடாக்களிலும் களப்புகளிலும் இதே வேலையைச் செய்கிறது. பாசி பெருகும், அது செத்து அழுகும்போது தண்ணீரிலுள்ள ஒட்சிசன் தீரும், மீன் விலகிப்போகும் அல்லது சாகும். கடற்புல்லுக்கும் முருகைக் கற்பாறைக்கும் வெளிச்சம் கிடைக்காமல் போகும்.

இதில் உங்களால் செய்ய முடிந்தது நிறைய இருக்கிறது, காசும் மிஞ்சும். நுவரெலியா மாவட்டத்து மரக்கறிக் காணிகள் பலவற்றில் பொஸ்பரஸ் ஏற்கெனவே தேவைக்கு மேல் சேர்ந்துபோய் இருக்கிறது. எத்தனையோ வருடமாக ஒவ்வொரு போகத்துக்கும் ரீ.எஸ்.பி. என்ற பொஸ்பரஸ் பசளையும் கோழி எருவும் கொட்டியதன் பலன் அது. உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்தில் பிடித்து, மண் பரிசோதனைக்கு வழி கேளுங்கள். பொஸ்பரஸ் போதும் என்று முடிவு வந்தால், அடுத்த போகத்தில் ஒரு மூட்டை ரீ.எஸ்.பி. வாங்காமல் விடுவது ஓடைக்கும் நீர்த்தேக்கத்துக்கும் நீங்கள் செய்யும் பெரிய உதவி. யூரியாவை ஒரே தடவையில் போடாமல், நடும்போது கொஞ்சம், மண் அணைக்கும்போது மிச்சம் என்று பிரித்துப் போடுங்கள். வானம் இருட்டிக்கொண்டு நிற்கும் நாளில் கையில் உரவாளியே எடுக்க வேண்டாம். கோழி எருவை லொறி இறக்கிய இடத்திலேயே, அதுவும் ஓடைக்கரையில், திறந்து குவித்து வைப்பதைத் தோட்டத்துக்குத் தோட்டம் பார்க்கலாம். அதை மேட்டுப் பக்கம் கொண்டுபோய் மூடி வையுங்கள். இந்த ஒன்றை மட்டும் அக்கம்பக்கத்தார் எல்லோரும் செய்தாலே ஓடையின் நிறம் மாறும்.

மண்ணைப் பிடித்து வைக்கும் வித்தை தோட்டத்தில் பிறந்தவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தேயிலை மலையில் கான் வெட்டும்போது இடையிடையே குழி விட்டு மண்ணைத் தேக்கி, பிறகு அள்ளி மேலே போடுவார்கள் அல்லவா? சொந்தக் காணிக்கு வந்ததும் அதை மறந்து பாத்தியை மேலிருந்து கீழே நேராக இழுத்துவிடுகிறோம். குறுக்கே இழுங்கள். ஓடைக்கு மேலே ஒரு பாகம், அதாவது இரண்டு கையையும் விரித்த அளவு, அகலத்துக்கு எதுவும் நடாமல் மானாப்புல்லை அடர்த்தியாக விடுங்கள். கரட் பிடுங்கினால் ஓடைக்குள் இறக்கிக் கழுவாமல் கரையில் வாளி வைத்துக் கழுவி, சேற்றுத் தண்ணீரைக் காணியிலேயே ஊற்றுங்கள்.

இரண்டாவது, மிதக்கிற சாமான். ஓடைக்கரையில் சிக்கிக் கிடக்கும் சொப்பிங் பேக் அங்கேயே கிடக்கப்போவதில்லை. தென்மேல் பருவ மழை இறுகி வான்கதவு திறக்கும் நாளில் அணை அதற்கு ஒரு தடையே இல்லை. ஆனால் மலையில் எனக்குப் பெரிய கவலை சொப்பிங் பேக் அல்ல, உரப்பை. அதைக் குப்பை என்றே நாம் நினைப்பதில்லை. வேலி மறைப்புக்கு உரப்பை, கழிவறைக் கதவுக்கு உரப்பை, படிக்கட்டுக்கு மண் நிரப்பி அடுக்குவதும் உரப்பை. வெயிலில் இரண்டு வருடம் கிடந்த ஒரு பையை விரலால் கசக்கிப் பாருங்கள். நெசவு விட்டுப்போய், வெள்ளை வெள்ளையாக நார், பிறகு நாரும் பொடி. அந்தப் பொடி பொலிபுரொப்பிலீன். அது மண்ணாகாது, பொடிப்பொடியாகிக்கொண்டே போகும், தண்ணீரில் மிதக்கும். உள்ளே இருக்கும் மெல்லிய உறை பொலித்தீன். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது மேற்குக் கரையில் முழங்கால் அளவுக்குக் குவிந்த வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகளும் பெரும்பாலும் பொலித்தீன்தான். அதற்கு நாடே பதறியது, பத்திரிகை எழுதியது. நம்முடைய பொடி சத்தமில்லாமல் போகிறது.

ஆகவே உரப்பையை உள்ளே பாவியுங்கள், வெயிலில் வேண்டாம். உருளைக்கிழங்கு கட்டலாம், விறகு, கொம்போஸ்ட் நிழலில் வைக்கலாம். வேலிக்கும் படிக்கும் கல், மரம், புல். நொறுங்கத் தொடங்குவதற்கு முன்பே அதைக் கழற்றிவிட வேண்டும், பொடியானபின் பொறுக்க முடியாது.

எரிக்கலாமா என்று கேட்டீர்கள். கூடாது. பொலித்தீனையும் பிளாஸ்டிக்கையும் திறந்த வெளியில் எரிப்பது 2017 செப்டெம்பரிலிருந்து சட்டப்படியே தடை. லஞ்ச் ஷீட், ரெஜிபோம் பெட்டி தடையோடு வந்த விதி அது. சட்டத்தை விடுங்கள், லயத்தில் எரித்தால் அந்தப் புகை அடுத்த காம்பராவில் கைக்குழந்தை இருக்கும் இடத்துக்குப் போகிறது. சாம்பலும் உருகிய கட்டியும் முதல் மழைக்கு ஓடைக்குத்தான் போகும். நல்ல உரப்பையையும் பொலித்தீன் உறையையும் கழுவிக் காயவைத்துத் தனித்தனியாகக் கட்டி வையுங்கள். சுத்தமாக இருந்தால் பழைய இரும்பு, போத்தல் வாங்க வருபவர் பெரும்பாலும் எடுப்பார். பிரதேச சபை டிராக்டர் தோட்டத்துக்குள் வராது என்பது எனக்கும் தெரியும். பெருந்தெருவில் அது நிற்கும் இடத்துக்கு, லயத்து ஆட்கள் சேர்ந்து பதினைந்து நாளைக்கு ஒரு தடவை கொண்டுபோய்க் கொடுப்பது நடக்கிற காரியம். தோட்ட நிர்வாகத்திடம் அதற்கு லொறி கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

குழந்தைகளின் பெம்பர்ஸ் இன்னொரு தொல்லை. அதை ஓடையில் விடுவதைவிட, தண்ணீருக்குத் தூரமாக மேட்டில் ஆழக் குழி வெட்டிப் புதைப்பது பரவாயில்லை. நல்ல வழி என்று சொல்லமாட்டேன். வீட்டில் இருக்கும் பகல் நேரத்துக்குத் துணி போதும்.

மருந்துப் போத்தல் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுகிறேன். போத்தல் காலியானதும் அந்த இடத்திலேயே தண்ணீர் விட்டு, மூடிக் குலுக்கி, அந்தத் தண்ணீரை மருந்து டாங்கிக்குள்ளேயே ஊற்றுங்கள். இப்படி மூன்று தடவை. போத்தலில் ஒட்டியிருப்பதும் நீங்கள் காசு கொடுத்த மருந்துதானே, பயிருக்கே போகட்டும். டாங்கியை ஓடையிலோ பீலியிலோ கழுவவே கூடாது. அந்தத் தண்ணீர் கடலுக்குப் போகுமுன் கீழ் லயத்துக் குடத்துக்குப் போகும். கழுவிய போத்தலின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, பூட்டுகிற ஒரு பெட்டியில் சேர்த்து வையுங்கள். எங்கே ஒப்படைப்பது என்று மருந்து வாங்கிய கடையிலும் போதனாசிரியரிடமும் கேளுங்கள். போத்தல்காரரிடம் மட்டும் அதைக் கொடுக்காதீர்கள். ஓட்டை போடாத போத்தல் ஏதாவது ஒரு வீட்டில் மண்ணெண்ணெய்க்கோ தேங்காய் எண்ணெய்க்கோ திரும்ப வரும்.