ட்ரவுட்டுக்கு வரைந்த வளையியை நம் விராலுக்குப் போடலாமா?

கேள்வி இதுதான்: கந்தளாய்ப் பக்கம் ஓர் ஓடையில் விராலுக்கு வாழிடப் பொருத்த மாதிரி, அதாவது எந்த இடம் மீனுக்கு எவ்வளவு பொருந்தும் என்று காட்டும் கணக்கு, போடவேண்டும். ரெயின்போ ட்ரவுட்டுக்கு அமெரிக்காவில் வரைந்த வளையிகள் (வரைபடக் கோடுகள்) கையில் இருக்கின்றன. அவற்றையே எடுக்கலாமா?

வேண்டாம். எடுத்துக் கெட்டவன் நான்.

வளையி எளிய சங்கதிதான். ஆழம், நீரோட்ட வேகம், அடித்தரை என்று ஒவ்வொன்றும் மீனுக்கு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கு 0 முதல் 1 வரை மதிப்பெண். அமெரிக்க மீன், வனவிலங்குச் சேவை 1980களில் பல மீன்களுக்கு இப்படி வெளியிட்டது. ஆனால் ட்ரவுட் குளிர்ந்த, ஒட்சிசன் நிறைந்த நீரின் மீன். இலங்கையில் அது பிழைப்பது நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி உயரத்தில். விரால் மேலே வந்து காற்றை வாயால் இழுக்கும், குளம் வற்றினால் சேற்றுக்குள்ளும் கிடக்கும். அந்த வளையிகளின்படி எங்கள் ஊர் விரால் எப்போதோ செத்திருக்கவேண்டும்.

சரி, நானே வரைகிறேன் என்று ஆவணியில் இறங்கினேன். ஓடை பாதி வற்றி, மடுமடுவாகக் கிடந்தது. பார்த்த விரால் எல்லாம் மடுவில். உடனே 'விராலுக்கு ஓடாத நீர்தான் பிடிக்கும்' என்று வேகம் 0க்கு முழு மதிப்பெண் போட்டேன். அங்கே ஓடும் நீரே கிடையாதே! ஓடையில் நூற்றுக்கு எண்பது பங்கு மடுவாக இருந்து, நூறு மீனில் எண்பது மடுவில் நின்றால், அது மீனின் விருப்பம் இல்லை, ஓடையின் அமைப்பு. மீன் நின்ற இடங்களை மட்டுமல்ல, நிற்காத இடங்களையும் அதே அளவு கவனத்தோடு அளந்து, இரண்டையும் ஒப்பிட்டால்தான் விருப்பம் தெரியும்.

தவளையைக் கோத்துத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த அண்ணை ஒருவர் இன்னொரு ஓட்டையையும் காட்டினார். "தம்பி, நீங்க பகல்ல அளக்கிறீங்க. அது இரைக்கு வாறது பொழுதுபட்டாப் பிறகு, கரைப் புல்லுக்குள்ள." புல்லும் ஆற்றுவாழையும் என் அட்டவணையில் இருக்கவே இல்லை. கூடு கட்டுவதும் குஞ்சைக் காப்பதும் அந்தச் செடிகளுக்கு நடுவில்தான். ஆகவே குஞ்சுக்குத் தனி வளையி, பெரிய மீனுக்குத் தனி வளையி.

அப்புறம், ஓர் இடத்தின் மதிப்பெண்களை ஒன்றாக்கும் கணக்கு. மதிப்பெண்களைப் பெருக்கினால் ஏதாவது ஒன்று 0 ஆனாலே இடம் முழுவதும் 0. சராசரி எடுத்தால் அந்தக் குறை மறைந்துவிடும். ஒவ்வோர் இடத்தின் மதிப்பெண்ணையும் அதன் பரப்பால் பெருக்கி, ஓடை முழுவதற்கும் கூட்டும்போதும் கவனம் வேண்டும்: 0.5 மதிப்பெண்ணில் 100 சதுர மீட்டரும், 1 மதிப்பெண்ணில் 50 சதுர மீட்டரும் ஒரே எண்தான். மீனுக்கு அவை ஒன்றல்ல.

வேகமானி இல்லாவிட்டால் தோடம்பழத்தை மிதக்கவிட்டு, அளந்த தூரத்தைக் கடக்க எடுக்கும் நேரம் பாருங்கள். கிடைக்கும் மேற்பரப்பு வேகத்தை 0.85ஆல் பெருக்கினால் மேலிருந்து அடிவரையான சராசரி வேகம் ஓரளவு வரும். கோடையில் ஒரு தடவை, மாரி வெள்ளம் தணிந்த பிறகு தையில் ஒரு தடவை அளந்துவிடுங்கள். முதலை நடமாடும் இடமென்றால் கரையில் நின்றபடி.