தலைப்பட்டை சோனாரில் பொய் பீப் வருவது ஏன்?

பார்வையற்றவருக்கு எதிரே உள்ள தடையை பீப் அடித்துச் சொல்லும் தலைப்பட்டை செய்து, அதன் இரு பக்கமும் HC-SR04 என்ற சென்சாரை வைத்தீர்கள்; அது மீயொலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கும். எதிரே ஒன்றும் இல்லாதபோதும் பீப் அடிக்கிறது, சுவரைச் சாய்வாக நெருங்கினால் சத்தமே இல்லை என்கிறீர்கள். சென்சாரை மாற்றிக் காசை வீணாக்காதீர்கள், அவை நன்றாகத்தான் இருக்கின்றன.

இரண்டும் ஒரே 40 கிலோஹெர்ட்ஸில் கத்துகின்றன. வலது அனுப்பியதன் எதிரொலியை இடது தன்னுடையது என்று எடுத்துக்கொள்கிறது. ஒன்று விட்டு ஒன்றாக இயக்குங்கள். 4 மீட்டர் போய்த் திரும்ப ஒலிக்குச் சுமார் 23 மில்லிநொடி போதும். ஆனாலும் அறைக்குள் சுற்றும் எச்சங்கள் அடங்க 60 மில்லிநொடி இடைவெளி விடுங்கள்.

சாய்வுச் சுவர் வேறு கதை. அந்த ஒலியின் அலைநீளம் 8.6 மில்லிமீட்டர்தான். வழவழப்பான சுவர் அதற்கு நிலைக்கண்ணாடி மாதிரி. எதிரொலி உங்களிடம் வராமல் அந்தப் பக்கமாகத் தெறித்துப் போய்விடும். நிரலில் என்ன மாற்றினாலும் இது தீராது. தலையை மெல்லத் திருப்பித் திருப்பித் துழாவிப் பழக வேண்டும்.

பீப்பையே எடுத்துவிட்டு, தூரத்தைச் சுருதியால் சொல்லலாம் என்பது என் கருத்து. பார்வையற்றோருக்காக லெஸ்லி கே உருவாக்கிய சோனிக்கைடு என்ற சோனார் மூக்குக்கண்ணாடி 1970களிலேயே தூரத்தைச் சுருதியாக்கியது: தள்ளியிருந்தால் சுருதி ஏறும், நெருங்கினால் இறங்கும். காதை அடைக்கும் இயர்போன் மட்டும் வேண்டவே வேண்டாம், காதைத் திறந்தே விட்டு எலும்பு வழியாக ஒலியைக் கடத்தும் ஹெட்போன் போடுங்கள்.

இடைவெளி விட்டும் பொய் பீப் வந்தால் நிரலின் லூப் பகுதியை இங்கே ஒட்டுங்கள், பார்க்கிறேன்.