தண்டில் முண்டு முண்டாக இருந்தால் கொள்ளைநோய்ச் சிலுவையா?

முண்டுகளை மட்டும் வைத்து, பிரான்சின் பிரிட்டனியில் சாலைச் சந்தியில் நிற்கும் கல் சிலுவையைக் கொள்ளைநோய் நினைவுச்சின்னம் என்று சொல்லிவிட முடியாது. கிளை கழித்த மரம் போலத் தண்டைச் செதுக்குவது அங்கே வழக்கம். முண்டுகள் கொள்ளைநோய்க் கட்டிகளைக் குறிக்கின்றன என்பது மக்கள் வழக்கில் வந்த விளக்கம்.

பீடத்தில் எழுத்தோ ஆண்டோ பொறித்திருக்கிறதா பாருங்கள். இருட்டியதும் டார்ச்சைப் பக்கவாட்டில், கல்லை ஒட்டினாற்போல் பிடித்தால் தேய்ந்த எழுத்துகூட நிழலாய்த் தெரியும். கல்பாசியைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டவே வேண்டாம், எழுத்தும் சேர்ந்து போய்விடும்.

பீடத்திலுள்ள ஆண்டு தண்டுக்கும் பொருந்தும் என்று நம்பாதீர்கள். பிரெஞ்சுப் புரட்சியில் உடைந்த பல சிலுவைகள் 19ஆம் நூற்றாண்டில்தான் மறுபடி நின்றன. பீடமும் தண்டும் சேரும் இணைப்பில் புதுக் காரை இருக்கிறதா பாருங்கள். தண்டு கிரானைட், உருவங்கள் கருஞ்சாம்பல் கெர்சாந்தோன் கல் என்றால் அது மட்டும் ஒட்டுவேலைக்குச் சான்றில்லை. செதுக்க வாகான கல் என்பதால் உருவங்களுக்கு அதை எடுப்பார்கள்.