ஒரே அழுகை, இரண்டு பெயர்

அன்புள்ள அக்காவுக்கு,

என் மகனுக்கு 15 வயது, மகளுக்கு 13. அவள் எதையும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டாள். அழுவாள், பேசித் தீர்ப்பாள், அரை மணி நேரத்தில் சரியாகிவிடுவாள். அவனிடம் என்ன கேட்டாலும் ‘ஒண்ணுமில்ல’தான். மீறிக் கேட்டால் கத்துகிறான், கதவை அறைந்து சாத்துகிறான். மூன்று மாதமாக இது அதிகம். (அவனுடைய நெருங்கிய நண்பன் அப்போதுதான் பள்ளி மாறிப் போனான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை.) ஆண்பிள்ளைகளின் மூளையில் உணர்ச்சிக்கும் பேச்சுக்கும் தொடர்பு குறைவு என்றும், 25 வயதில்தான் மூளை முழுமையடையும் என்றும் படித்தேன். அதுவரை அவன்போக்கில் விட்டுவிடுவதுதான் சரியா? செல்போனைப் பிடுங்கி வைத்தால் பயன் உண்டா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

செல்போனை விடுங்கள். அது இங்கே விஷயமே இல்லை. உங்கள் கடிதத்தில் நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டு ஒதுக்கிய அந்த இரண்டு வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்கு வருகிறேன்.

முதலில் மூளை. வித்தியாசமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பெண்பிள்ளைகளுக்குப் பருவமாற்றம் ஓரிரு வருடம் முன்னதாகத் தொடங்குகிறது. மூளையின் வளர்ச்சியும் அவர்களுக்கு முன்னதாகத்தான். அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் ஜே கீட் குழுவினர் அதே பிள்ளைகளை வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து பார்த்தார்கள். மூளையின் மொத்த அளவு பெண்களுக்குப் பத்தரை வயதிலும் ஆண்களுக்குப் பதினாலரை வயதிலும் உச்சத்தைத் தொடுகிறது என்று 2007இல் எழுதினார்கள். அளவின் உச்சம்தான், அறிவின் உச்சம் அல்ல. ஆனால் இது கால வித்தியாசம். ‘தொடர்பு குறைவு’ என்பது வேறு பேச்சு. லீஸ் எலியட் என்ற நரம்பியலாளர் முப்பது வருட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2021இல் சொன்னது இதுதான்: ஆண்களின் மூளை சராசரியாக 11 சதவீதம் பெரியது, அந்த அளவு வித்தியாசத்தைக் கழித்துவிட்டால் மிச்சமிருக்கும் வேறுபாடுகளில் ஆண், பெண் என்பதால் வருவது ஒரு சதவீதம் அளவுக்குத்தான். பயத்தையும் ஆபத்தையும் முதலில் உணரும் அமிக்டலா என்ற மூளைப்பகுதிக்கும் இதே கதைதான். அந்த ஒரு சதவீதத்தின் தலையில் உங்கள் பிள்ளையின் மூன்று மாத மௌனத்தை ஏற்றிவைக்காதீர்கள்.

25 வயதுக் கணக்கும் அப்படித்தான். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி இருபதுகளிலும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது, உண்மை. அத்தனை வருடமும் அது கற்றுக்கொண்டிருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். காத்திருக்கச் சொல்லவில்லை.

எதைக் கற்றுக்கொள்கிறது? இதைத்தான் நான் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 1976இல் ஜான் காண்ட்ரி, சாண்ட்ரா காண்ட்ரி இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். ஒன்பது மாதக் குழந்தை. எதிரே ஒரு பெட்டி. திறந்தால் உள்ளிருந்து பொம்மை துள்ளி எழும். குழந்தை மிரண்டு அழுகிறது. அந்தப் படத்தை 204 பேருக்குப் போட்டுக் காட்டினார்கள். பாதிப் பேரிடம் இது ஆண் குழந்தை என்றார்கள், மீதிப் பேரிடம் பெண் என்றார்கள். பெண் என்று நம்பியவர்கள் அந்த அழுகையில் பயத்தைப் பார்த்தார்கள். ஆண் என்று நம்பியவர்கள் கோபத்தைப் பார்த்தார்கள். குழந்தை ஒன்றுதான், அழுகையும் ஒன்றுதான். இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை. பயந்து அழுகிறவனிடம் ‘ஏண்டா கோபம்?’ என்று கேட்டால் அவன் என்ன செய்வான்? பத்து வருடம் அப்படியே கேட்டால்? பயம் வந்தாலும் அவமானம் வந்தாலும் ஏக்கம் வந்தாலும் அதன் பெயர் கோபம் என்று கற்றுக்கொள்வான். பயந்தவளைத் தூக்கி அணைப்போம். கோபக்காரனை விட்டு விலகுவோம். விலகி நின்றுகொண்டு, ‘இவன் மூளை அப்படி’ என்போம்.

நான் அப்படித்தான் செய்தேன். என் தம்பிக்கு அப்போது 14 வயது, எனக்கு 17. அவனுடைய நண்பனின் அப்பாவுக்கு மாற்றல் வந்து அவர்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள். இரவல் வாங்கிய ஒரு கேசட் தம்பியிடமே தங்கிவிட்டது. அன்று சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து, கேசட்டின் ஓட்டையில் பென்சிலைச் செருகி, நாடாவைச் சுற்றிக்கொண்டே இருந்தான். ஒரு பக்கம் முழுக்கச் சேர்ந்ததும் பென்சிலை அடுத்த ஓட்டைக்கு மாற்றி மறுபடியும் சுற்றினான். ‘என்னடா பண்றே?’ என்றேன். ‘ஒண்ணுமில்ல.’ ராத்திரி அப்பா மார்க்கைப் பற்றி ஏதோ கேட்க, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். ‘என்ன திமிர்!’ என்றார் அப்பா. ‘அவனுக்கு எப்பவும் கோபம்தான்’ என்று எடுத்துக்கொடுத்தது நான்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நயோபி வே வருடக்கணக்காகப் பையன்களிடம் பேசிப் பார்த்திருக்கிறார். பதின்பருவத்தின் தொடக்கத்தில் அவர்கள் நண்பனைப் பற்றி ஒளிவுமறைவில்லாத அன்போடு பேசுகிறார்கள். அந்தப் பருவம் முடியும்போது பேச்சும் போய்விடுகிறது, பல பேருக்கு நட்பும் போய்விடுகிறது. உங்கள் பிள்ளை அந்த நடுவழியில் நிற்கிறான் எஸ். நீங்கள் ‘சம்பந்தமில்லை’ என்று எழுதிவிட்டீர்கள். கோபமாகவே எழுதுகிறேன்: அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதை எப்படி முடிவு செய்தீர்கள்?

மகளைப் பற்றியும் ஒன்று. பேசுவதால் அவள் நன்றாக இருக்கிறாள் என்று விட்டுவிடாதீர்கள். சிறுவயதில் ஆண், பெண் இருவரிடமும் ஒரே அளவில் இருக்கும் மனச்சோர்வு, பருவமாற்றத்துக்குப் பிறகு பெண்களிடம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஒரே துயரத்தை மனதுக்குள் போட்டு அரைத்துக்கொண்டே இருப்பதும் அதற்கு ஒரு காரணம் என்று சூசன் நோலன்-ஹோக்சிமா காட்டியிருக்கிறார். அவள் பேசித் தீர்க்கிறாளா, பேசிப் பேசிப் பெருக்குகிறாளா என்று பக்கத்தில் இருந்து பாருங்கள்.

மகனிடம் போய் ‘மனசு விட்டுப் பேசு’ என்று உட்கார்ந்துவிடாதீர்கள், ஓடிவிடுவான். நீங்களே ஒரு பெயரை மெல்ல எடுத்து வையுங்கள். ‘அவன் இல்லாம வெறிச்சுனு இருக்கா?’ என்று கேட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். படத்தில் பார்க்கும் முகத்தின் உணர்ச்சிக்கு ஒரு சொல்லைச் சூட்டினாலே அமிக்டலாவின் கொந்தளிப்பு தணிகிறது என்று மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் ஸ்கேனில் காட்டினார்கள். ஏமாற்றம், ஏக்கம், ஆற்றாமை, தவிப்பு என்று நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? அவனிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

போன மாதம் தம்பி போனில் தன் மகனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். நடுவில் தன்னையறியாமல் ஒரு பெயரைச் சொன்னான். ‘யாருடா அது?’ என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, ‘அந்த கேசட்டுக்காரன்க்கா’ என்றான்.

உங்கள் மகனின் நண்பன் பெயர் என்ன? கடிதத்தில் இல்லையே.