கடல்நீர்த் தொட்டிக்குப் புதிதாக வாங்கிய லெதர் கோரல் (தோல் மாதிரி இருக்கும் மென்பவளம்) நான்கு நாளாக மூடியே கிடக்கிறது. செத்துவிட்டதா? வேலூர் வெயிலில் இதை வளர்க்க முடியுமா?

சாகவில்லை. கொளத்தூரில் வாங்கி ரயிலில் காட்பாடிவரை கொண்டுவந்த டோட்ஸ்டூல் லெதர் (காளான்போல் காம்பும் தொப்பியும் உள்ள வகை), தொட்டியில் விட்ட நாளிலிருந்து சுருங்கிக் கிடக்கிறது, மேல்பக்கம் மெழுகு பூசியதுபோல் மினுங்குகிறது, ஓரத்தில் சவ்வு மாதிரி ஏதோ உரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். லெதர் வளர்க்கிற எல்லோரும் முதல் வாரத்தில் பார்த்துப் பயப்படுகிற காட்சிதான் இது. இடமோ தண்ணீரோ வெளிச்சமோ மாறினால் இந்தக் கோரல் பாலிப்புகளை, அதாவது மேலே பூப்போல் நீட்டியிருக்கும் காம்புகளை, உள்ளே இழுத்துக்கொண்டு உடம்பு முழுக்க ஒரு மெழுகுப் படலத்தைச் சுரக்கும். மேலே படிந்த பாசி, தூசி, கிருமி எல்லாம் அந்தப் படலத்தோடு உரிந்து போய்விடும். சில நாளில் முடியலாம், இரண்டு வாரம்கூட இழுக்கலாம். நன்றாகப் பழகிய கோரலே அவ்வப்போது இப்படிக் கடை சாத்திக்கொள்ளும். என் வீட்டில் இருப்பது மூடிக்கொண்டால் இப்போதெல்லாம் நான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

படலம் உரிவதற்கு நீரோட்டம் வேண்டும். வேவ்மேக்கரை (தண்ணீரை ஓட வைக்கும் மோட்டாரை) நேராக அதன் முகத்தில் அடிக்க விடாதீர்கள். கண்ணாடியில் மோதித் திரும்பும் ஓட்டம் படுகிற இடமாகப் பாருங்கள். தொப்பியின் ஓரம் லேசாக ஆடினால் அளவு சரி, எப்போதும் ஒரே பக்கமாக மடிந்து கிடந்தால் அதிகம். சவ்வு பாதி உரிந்து தொங்குகிறதே என்று கையால் பிய்க்க வேண்டாம். ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் தொட்டித் தண்ணீரையே எடுத்து மெதுவாகப் பீய்ச்சினால் தானாக வந்துவிடும்.

வெளிச்சத்தை முதலில் குறைத்தே வையுங்கள். கடைக்காரர் எந்த விளக்கில் வைத்திருந்தார் என்று நமக்குத் தெரியாது. இதன் சதைக்குள் இருக்கும் நுண்பாசிதான் வெளிச்சத்தை வாங்கிச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிறது. திடீரென்று பளீர் வெளிச்சம் பட்டால் அந்தப் பாசி வெளியேறிக் கோரல் வெளுத்துப்போகும். தொட்டியின் கீழ்ப்பாதியில் வைத்து, எல்இடியை 30, 40 சதவீதத்தில் எட்டு மணி நேரம் எரியவிட்டு, இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். தனியாகத் தீனி போட வேண்டியதில்லை. மீனுக்குப் போடுவதில் கரைவதே இதற்குப் போதும்.

அப்புறம், தினமும் இடம் மாற்றாதீர்கள். "இங்கே பிடிக்கவில்லை போல" என்று காலையில் ஒரு கல், சாயங்காலம் இன்னொரு கல் என்று நகர்த்தினால் ஒவ்வொரு முறையும் அது முதலிலிருந்து பழக வேண்டும். திறக்கத் தொடங்கும்போது கிட்டே போய்ப் பாருங்கள். முதலில் மொழுமொழு தொப்பியில் ஊசி குத்தியதுபோல் புள்ளிகள் தெரியும். அவை மெல்ல நீண்டு காம்பாகி, ஒவ்வொரு காம்பின் நுனியிலும் எட்டு விரல்கள் விரியும், ஒவ்வொரு விரலின் இரு ஓரத்திலும் சீப்புப் பல் மாதிரி இழைகள். எண்ணிப் பாருங்கள், எட்டுதான் இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் காளானா என்று கேட்பார்கள். விளக்கிச் சொல்லி மாளாது, ஆமாம் என்று சொல்லிவிடுங்கள்.

கவலைப்பட வேண்டிய அறிகுறி வேறு. அடிக்காம்பு கறுத்து, கூழ்போல் குழைந்து, மீன் அழுகிய நாற்றம் அடித்தால் அது அழுகல். வெளியே எடுத்துக் கூரான பிளேடால் நல்ல சதைவரை தாராளமாக வெட்டிவிடுங்கள். வெட்டிய இடம் ஆறி மறுபடி வளரும், தொப்பியின் ஒரு துண்டே முழுக் கோரலாகிவிடும். அந்தத் துண்டைக் கல்லில் ஒட்டச் சூப்பர் க்ளூ வேலைக்கு ஆகாது, வழுவழுப்பில் நிற்காது. ரப்பர் பேண்டை இறுக்காமல் போட்டுக் கல்லோடு கட்டி வைத்தால் ஓரிரு வாரத்தில் தானே பிடித்துக்கொள்ளும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் சோவாந்திட் எனப்படும் பட்டன் வகை இருந்தால் கட்டாயம் வேண்டும், அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடுமையான விஷம் உண்டு.

இனி வேலூர் சமாச்சாரம். கோரலைவிட அதிகமாக நீங்கள் கவனிக்க வேண்டியது தண்ணீரை. நம் ஊர் போர் தண்ணீரின் உப்பைப் பற்றிப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளையே சொல்லும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட கதை தனி. எனவே ஆர்ஓ தண்ணீர்தான். ஆனால் வீட்டு ஆர்ஓ மெஷின்களில் இரண்டு வில்லங்கம் இருக்கிறது. சுவைக்காகக் கொஞ்சம் மூலத் தண்ணீரையே திரும்பக் கலந்துவிடும் மெஷின்கள் உண்டு. குடிக்க அது நல்லது, டிடிஎஸ் மீட்டரை (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவியை) வைத்தால் 50, 100 என்று காட்டும், தொட்டிக்கு ஆகாது. அதைவிட மோசம், இப்போது பரவலாக விற்கும் காப்பர் ஆர்ஓ. செம்பு நம் உடம்புக்கு எவ்வளவு நல்லதோ எனக்குத் தெரியவேண்டியதில்லை, கோரலுக்கும் இறாலுக்கும் நத்தைக்கும் அது விஷம். மீனுக்குப் புள்ளி நோய் வந்தால் ஊற்றும் மருந்துகள் பலவற்றிலும் செம்புதான் இருக்கிறது, லேபிளைப் படிக்காமல் அதே தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். சாதாரண ஆர்ஓவுக்குப் பின்னால் மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டிஐ ரெசின் குழாயை மாட்டி, டிடிஎஸ் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வருகிறதா என்று பார்த்து, அதில் உப்புக் கலவையைக் கரையுங்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் போகும். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 வர வேண்டும். கேன் தண்ணீரையும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

அடுத்தது வெயில். "வேலூரில் வெயில் சதமடித்தது" என்று பேப்பரில் போடுவது 100 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது ஏறக்குறைய 38 டிகிரி செல்சியஸை. கத்திரியில் 40ஐயும் தாண்டும். சுற்றிலும் உள்ள பாறை மலைகள் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி கக்கும். கோரலுக்கு 24 முதல் 27 டிகிரி போதும், 28வரை சமாளிக்கும், 30க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் வெளுக்கத் தொடங்கும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க வசதியிருந்தால் பேச்சே இல்லை. இல்லாவிட்டால் தண்ணீரின் மேல்பரப்பில் காற்று படும்படி சின்ன ஃபேன் இரண்டு மாட்டுங்கள். நம் ஊர்க் கோடைக் காற்று வறண்டது, தண்ணீர் வேகமாக ஆவியாகும், அதனாலேயே இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கடலோரச் சென்னையில் இந்த உபாயம் இவ்வளவு எடுபடாது. இங்கேயும் ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் பலன் குறையும், ஆனால் அப்போது சூடும் இருக்காது.

ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு அப்படியே தங்கிவிடும். ஃபேன் ஓடும் தொட்டியில் தினமும் உப்பளவு ஏறிக்கொண்டே போகும். கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு டேப் ஒட்டி, குறைந்த அளவுக்கு உப்புப் போடாத ஆர்ஓ தண்ணீரைக் காலையும் மாலையும் ஊற்றுங்கள். தொட்டியை மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையிலோ மேற்குச் சுவரோரமோ வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், ஃபேனைவிட அது அதிகம் உதவும்.

கரண்ட் போனால் விளக்கைப் பற்றிக் கவலை இல்லை, வேவ்மேக்கர் நிற்கக் கூடாது. அதை மட்டும் இன்வர்ட்டர் லைனில் மாட்டுங்கள், மிகக் குறைந்த வாட்தான் இழுக்கும். ஓட்டம் நின்றால் ஆக்சிஜன் குறைந்து முதலில் மீன் திணறும்.

மற்ற எண்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமோனியா, நைட்ரைட் பூஜ்யம், ஆல்கலினிட்டி 8, 9 dKH, கால்சியம் 400 ppmக்கு மேல். நைட்ரேட்டைப் பூஜ்யமாக்கப் போராட வேண்டாம், 5 முதல் 10 ppmவரை இருந்தால் சாஃப்ட் கோரலுக்கு நல்லது. வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினாலே போதும். ஒற்றை லெதருக்காகக் கால்சியம் மாதிரிச் சத்துகளை ஊற்றும் டோசிங் பாட்டில்கள் வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள். அதற்குப் பதில் ஃபில்டரில் கொஞ்சம் ஆக்டிவேட்டட் கார்பன் (தண்ணீரை வடிகட்டும் கரி) போடுங்கள், மாதம் ஒருமுறை மாற்றுங்கள். லெதர் தன்னைச் சுற்றி வேறு கோரல் வளராதபடி ரசாயனத்தைத் தண்ணீரில் விடும், அதைக் கார்பன் வாங்கிக்கொள்ளும்.

அடுத்து வேறு கோரல் வாங்கலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். வாங்கும் முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் கல் பவளங்கள் அனைத்தும், கறுப்புப் பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் சேர்க்கப்பட்டன. கடைசி இரண்டும் உங்கள் லெதருக்கு உறவுமுறைதான், அதனால் "சாஃப்ட்தானே சார்" என்று கடையில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், எது என்று பெயர் கேட்டு, பில்லும் வாங்குங்கள். ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த லைவ் ராக் (நுண்ணுயிர்கள் ஒட்டியிருக்கும் கடல் கல்) என்று யாராவது மலிவாக நீட்டினால் தொடவே வேண்டாம், அது செத்த கல் பவளம், அதற்கும் இதே சட்டம்தான். செராமிக் கல் வாங்கிப் போடுங்கள். ஏற்கெனவே ஓடும் தொட்டியிலிருந்து நண்பர் யாராவது ஊதாப் பாசி படிந்த சின்னத் துண்டு கொடுத்தால் சில மாதத்தில் உங்கள் கல்லிலும் அது ஏறிவிடும்.